ராஸ்பெரி பை 5: டேட்டாபேஸை நம்பி ஒப்படைக்கலாம்

ராஸ்பெரி பை பலகையை வீட்டு சர்வராக ஓட்டியவர்களைக் கேட்டால், முதலில் எஸ்.டி. கார்டைப் பற்றித்தான் குறை சொல்வார்கள். டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவையும் முடிக்கும்போது, அது வட்டில் உண்மையாகவே எழுதப்பட்டதா என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்த வேலைக்குப் போகும். இப்படிச் சிறு சிறு துண்டுகளாக இடைவிடாமல் எழுதுவது எஸ்.டி. கார்டுக்கு ஒத்துவராது. வேகம் விழும், கார்டும் சீக்கிரம் தேயும். 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை 5 இந்தக் குறையைத்தான் தீர்த்திருக்கிறது.

வழக்கமான பை பலகைகளில் முதன்முறையாக இதில் பி.சி.ஐ.இ. இணைப்பு உண்டு. எம்.2 துணைப்பலகை ஒன்றைப் பொருத்தினால், என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யிலிருந்தே லினக்ஸை பூட் செய்யலாம். இரண்டாம் தலைமுறை, ஒற்றை லேன்தான். ஆனாலும் நொடிக்கு 400 எம்.பி.க்கு மேல் படிக்கிறது. போஸ்ட்கிரெஸ், என்ஜின்எக்ஸ், என் கிட் களஞ்சியங்கள் எல்லாம் ஒரே பலகையில் ஓடுகின்றன. டாக்கர் இமேஜ் பிரியும் நேரத்திலும் மற்ற வேலைகள் திணறுவதில்லை.

புராசஸர், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர் கார்டெக்ஸ் ஏ76. வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: பை 4இல் இல்லாத ஏ.இ.எஸ். குறியாக்க வசதி இதில் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஹெச்.டி.டி.பி.எஸ். போக்குவரத்துக்கும், வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து வைப்பதற்கும் இது பெரிய பலம்.

மின்வெட்டு வரும் வீடுகளுக்கு இன்னொரு நல்ல செய்தி. மின்சாரம் திரும்பியதும் பலகை தானே எழுந்துகொள்ளும். தனியாக விற்கும் சிறு பேட்டரியை இணைத்துவிட்டால் கடிகாரமும் நேரம் தவறாது. நேரம் தவறினால் இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும் என்பதால், சர்வருக்கு இது அவசியம்.

இனி குறைகள். இது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கிறது. கையில் இருக்கும் செல்போன் சார்ஜர் பெரும்பாலும் 3 ஆம்பியருக்கு மேல் தராது. அப்போது யு.எஸ்.பி. சாதனங்கள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். 27 வாட் அடாப்டர் இருந்தால் 1.6 ஆம்பியர். தொடர்ந்து கம்பைல் செய்தால் நன்றாகச் சூடேறும். 85 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், கோடையில் விசிறியுள்ள கூலர் கட்டாயம். ரேமைப் பிறகு கூட்ட முடியாது. வீடியோ என்கோடிங்குக்குத் தனி வன்பொருளும் இல்லை.

அடாப்டர், கூலர், துணைப்பலகை, எஸ்.எஸ்.டி. எல்லாவற்றையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். வீடியோ மாற்றும் வேலைக்கும், நிறைய ரேம் தேவைப்படும் வேலைக்கும் பழைய மினி பி.சி.யே மேல். சிறிய இணையச் செயலிகளை எழுதி, அவற்றை இரவு பகலாகத் தன் பொறுப்பில் ஓட்டிப் பார்த்து சர்வர் நிர்வாகம் கற்க விரும்புபவர், 8 ஜி.பி. பலகையை எஸ்.எஸ்.டி.யோடு தயங்காமல் வாங்கலாம். எஸ்.டி. கார்டிலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் பை 4 போதும்.