பிடித்தவை பத்து, காரணம் பூச்சியம்

டிசெம்பர் பிறந்தால் யாழ்ப்பாணத்து முகநூற் பக்கங்களில் ‘இந்த ஆண்டு எனக்குப் பிடித்தவை’ என்று பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். ஐந்து படம், நாலு பாட்டு, இரண்டு புத்தகம். இடையில் நல்லூர்த் திருவிழாக் காலத்து ஐஸ்கிறீமும் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் கழிந்த ஒரு மாலையும். இலக்கியக்காரர் சிலர் இதைக் கண்டாலே முகஞ்சுளிக்கிறார்கள். அவர்கள் சுளிக்கும் இடம் பிழை என்பது என் எண்ணம். பட்டியல் அடக்கமான வடிவம். எனக்குப் பிடித்தது என்பதோடு நிற்கிறது, உனக்கும் பிடிக்கவேண்டும் என்று மிரட்டுவதில்லை. சின்னச் சின்னச் சந்தோஷங்களையும் பெரிய படைப்புகளையும் ஒரே வரிசையில் வைக்கும் துணிவு அதற்கு உண்டு. அதன் குறை வேறு: பிடித்ததற்குக் காரணமும் சொல்வதில்லை, அந்தப் பொருள் தன்னிடம் வந்த வழியையும் சொல்வதில்லை.

இந்த வழக்கு புதிதல்ல. தமிழில் பட்டியல் போட்டே பேரெடுத்தவர் விமர்சகர் க.நா.சு. படித்தேன், நன்றாயிருக்கிறது, நீயும் படி என்பதே அவர் முறை. நாவலாசிரியர்களான ஆர். ஷண்முகசுந்தரத்தையும் நீல. பத்மநாபனையும் பலர் தேடிப் படித்ததில் அந்த முறைக்குப் பங்குண்டு. 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவரான க. கைலாசபதி, 1980இல் வந்த ‘திறனாய்வுப் பிரச்சினைகள்’ நூலில் இந்த ரசனை முறையைத்தான் கடுமையாக விசாரித்தார். ரசனை தனி மனிதரின் பிறவிக்கொடை அன்று, சமூகம் ஆக்கித் தருவது. காரணம் சொல்லாத தேர்வு தன் சார்பை மறைக்கிறது என்பதே அவர் வாதத்தின் சாரம். கேள்வி சரியானது. ஆனால் கோட்பாடு கையில் இருந்தவர்களும் பட்டியல்தான் வைத்திருந்தார்கள் என்பதற்கு எழுத்தாளர்கள் எஸ்.பொ.வும் மு. தளையசிங்கமும் அவர்களோடு போட்ட சண்டைகளே சாட்சி. கோட்பாடு பேசியவர்களோடு சண்டை பிடிக்கவாவது முடிந்தது. காரணமில்லாத பட்டியலோடு அதுவும் முடியாது.

வந்த வழியைச் சொல்வது ஏன் முக்கியம் என்பதற்குக் குடாநாட்டின் வரலாறே போதும். இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டுத் தன் பெயரையும் ஊர்ப்பெயரையும் காற்றில் கேட்ட தலைமுறை, பிடித்ததைப் பகிரங்கமாகச் சொல்லும் பழக்கத்தை அங்கேயே கற்றது. கேட்ட பாட்டுகளில் பெரும்பாலானவை தமிழகத் திரைப்பாடல்கள். அதே காலத்தில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ போன்ற பொப்பிசைப் பாடல்களும் ஒலித்தன. ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழகத்தையும் ஆட்டியது. ஒலிபரப்ப ஓரிடம் இருந்ததால் ரசிகர்களும் இருந்தார்கள். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களுக்கு, எட்டியதே விருப்பமாயிற்று. இன்று எல்லாம் கைபேசிக்குள் வந்தபின்பும் பட்டியலில் பத்துக்கு எட்டு சென்னையிலிருந்து வருகிறதென்றால், அதை வெறும் தனிவிருப்பம் என்று விட்டுவிட முடியுமா? அரியாலைச் சிறுமி கில்மிஷா 2023 டிசெம்பரில் ‘சரிகமப’ தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்றபோது ஊரே கொண்டாடியது. நியாயமான பெருமைதான், ஆனால் அந்த மேடையும் சென்னையில்தான் இருந்தது.

சின்ன மகிழ்ச்சிக்கெல்லாம் காரணம் கேட்டால் அது வீட்டுப்பாடமாகிவிடாதா என்று கேட்பார்கள். நம் ஆட்கள் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பற்றிக் கதைப்பதைக் கேளுங்கள்: எந்த மண், எந்த மாதம், மரத்தில் முற்றியதா புகை போட்டதா, நார் எவ்வளவு என்று ஒரு தீர்ப்பே எழுதுவார்கள். ஒடியல் கூழில் மீன் கூடியதா புளி குறைந்ததா என்பதில் வீட்டுக்கு வீடு வாதம். அந்த விசாரணை பழத்தின் இனிப்பைக் குறைத்ததாக ஒருவரும் முறையிட்டதில்லை. அதே ஆள் ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது ‘வேற லெவல்’ என்பதோடு முடித்துக்கொள்கிறார். ஆராயும் திறமை இருக்கிறது. அதைக் கலைக்குச் செலவிடத்தான் மனமில்லை.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: உள்ளூர்ப் படைப்பைக் கடமைக்காகச் சேர்ப்பது தருமம் போடுவது அல்லவா? ஆம், அப்படிச் சேர்ப்பது படைப்பாளிக்கே அவமானம். ஆனால் பார்த்துப் பிடிக்காமல் விடுவதும் பாராமலே விடுவதும் ஒன்றாகா. தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ படம் 1977இல் திரையரங்குகளில் நிலைக்கவில்லை. தென்னிந்தியப் படத்துக்குப் பழகிய கண்ணுக்கு அதன் நிதானம் ஒத்துவரவில்லை. பின்னர் அதை மதித்தவர்கள், ஏன் மதிக்கிறோம் என்று எழுதியவர்கள். 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போட்டதும் ஒருவகைப் பட்டியல்தான். ஆனால் படத்தோடு விடாமல், அந்த எழுத்தாளர் யார், என்ன செய்தார் என்று உள்ளே ஒரு கட்டுரையும் வைத்தார். ஆகவே அடுத்த டிசெம்பரில் பட்டியல் போடுகிறவர்கள் பத்தை நாலாகக் குறைக்கட்டும்; ஒவ்வொன்றின் கீழும் அது எப்படித் தங்களிடம் வந்தது, எதனால் பிடித்தது என்று இரண்டு வரி எழுதட்டும்.