‘வேத கணிதம்’: வித்தையும் காரணமும்

கணக்குப் போட்டிகளிலே விடையின் திருத்தத்தோடு விரைவும் வேண்டப்படுகின்றது. தாளும் பென்சிலுமின்றி, எண்களைக் கேட்ட மாத்திரத்தே விடை பகரும் மாணவனைக் கண்டு அவையோர் வியப்பர். அத்தகைய திறமையை விழையும் மாணவர் நாடும் நூல்களுள் ஒன்று, பூரி கோவர்த்தன மடத்துச் சங்கராசாரியராய் விளங்கிய பாரதி கிருஷ்ண தீர்த்தர் ஆங்கிலத்தில் இயற்றிய ‘வேத கணிதம்’ ஆகும். ஆசிரியர் 1960 இல் மறைந்தபின், 1965 இல் அந்நூல் அச்சேறியது. 16 சூத்திரங்களை அடிப்படையாகக் கொண்ட அதனைப் போற்றுவாரும் உளர், புறக்கணிப்பாரும் உளர். அதன்கண் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதற்கண் நூலின் நயத்தை நோக்குவாம். 98 ஐ 97 ஆற் பெருக்க வேண்டுமெனின், 100 இலிருந்து அவை குறையும் அளவுகளாகிய 2, 3 என்பவற்றைக் கொள்க. 98 இலிருந்து 3 ஐக் கழிக்க 95, குறைகளின் பெருக்கம் 06, விடை 9506. ‘நிகிலம்’ எனத் தொடங்குஞ் சூத்திரத்தின்பாற்படும் இம்முறை மாயமன்று. குறைகளை அ, ஆ எனக் கொள்ளின், (100 − அ)(100 − ஆ) = 100(100 − அ − ஆ) + அஆ என்னும் அட்சரகணித உண்மையே அது. அவ்வாறே 65 இன் வர்க்கத்தைக் காண 6 ஐ அடுத்த எண்ணாகிய 7 ஆற் பெருக்கி, 42 இன் பின்னே 25 ஐ எழுத, 4225 பெறப்படும். எண்களின் இயல்பை நோக்கி வழியைத் தெரிந்துகொள்ளும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுதல் இந்நூலின் சிறப்பெனலாம்.

ஆயினும், காரணத்தை விடுத்து வித்தையை மாத்திரம் பற்றுவார்க்கு இடர் விளையும். 88 ஐ 89 ஆற் பெருக்குவோம். குறைகள் 12, 11. அவற்றின் பெருக்கம் 132. 88 இலிருந்து 11 போக எஞ்சுவது 77. வித்தையை மனனஞ் செய்த மாணவன் 77132 என்பான். காரணம் அறிந்த மாணவனோ 77 என்பது 77 நூறுகளைக் குறித்தலை உணர்ந்து, 7700 உடன் 132 ஐக் கூட்டி 7832 எனத் திருத்தமாகக் கூறுவான். நூலாசிரியர் தாமே அட்சரகணித விளக்கங்களைத் தந்துள்ளார் என்பதை மறுத்தலாகாது. அவற்றைக் கடந்து சென்று, வித்தைகளை மட்டும் திரட்டி மாணவர்க்கு மனனஞ் செய்விப்பார் மீதே இக்குற்றம் சாரும்.

இன்னுமொன்று. இத்தகைய முறைகள் எல்லா எண்களுக்கும் ஒருங்கே பயன்படுவன அல்ல. 47 ஐ 68 ஆற் பெருக்க நூறை அடியாகக் கொள்ளின், 53 ஐ 32 ஆற் பெருக்க நேரும். சுமையை இறக்க வந்தவன் மற்றொரு சுமையை ஏற்றிய கதையாக அது முடியும். எந்த எண்ணுக்கு எவ்வழி தகும் எனத் தெரிதலே உண்மையான விரைவின் தாயாகும்.

இனி நூலின் பெயரைக் குறித்துச் சில சொல்ல வேண்டும். இச்சூத்திரங்கள் அதர்வ வேதத்தின் பரிசிட்டம் ஒன்றைச் சார்ந்தன எனப்பட்டது. ஆனால், அறியப்பட்ட பரிசிட்டங்களில் அவை காணப்படவில்லை என்பதைப் பதிப்பாசிரியராகிய வா. ச. அகர்வாலா அவர்களே நூலின் முகப்பில் ஒப்புக்கொண்டுள்ளார். மேலும், 1/19 ஐ 18 இலக்கங்கள் கொண்ட மீளுந் தசமமாக எழுதும் முறையை நூல் சிறப்பாக விரிக்கின்றது. தசமப் பின்னங்களை எழுதும் முறையோ வேத இலக்கியத்திற் காணப்படாதது. ஆகவே இதனைத் தீர்த்தரின் சொந்த நுண்ணறிவின் பயனெனக் கொள்வதே பொருத்தமாம். அவ்வாறு கொள்வதால் அவர் பெருமை குறையாது, மாறாக உயரும்.

பழம்பெருமை வேண்டுவார்க்குச் சான்றுள்ள செல்வம் வேறுளது. போதாயனரின் சுல்ப சூத்திரம் 2 இன் வர்க்கமூலத்திற்குத் தரும் மதிப்பு ஐந்து தசம தானங்கள் வரை சரியாயுள்ளது. 1150 இல் பாஸ்கரர் இயற்றிய ‘லீலாவதி’யோ மனக்கணக்கிற்கு உகந்த வர்க்க முறையொன்றைக் கூறுகின்றது. அதன்படி 47 இன் வர்க்கம் காண, அதனோடு 3 ஐக் கூட்டியும் கழித்தும் பெறும் 50, 44 என்பவற்றைப் பெருக்கி, 3 இன் வர்க்கத்தைச் சேர்க்க வேண்டும். 2200 உம் 9 உம் கூட, 2209. இவையிருக்க, சான்றில்லாத பெருமையை நாம் ஏன் சூட வேண்டும்? உண்மையைப் போற்றுவதன்றோ சமயத்திற்கும் கல்விக்கும் பொதுவாகிய அறம்?

எனவே ஆசிரியர்கள் இந்நூலை ஒதுக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு முறையையும் கற்பித்தபின், ‘இஃது ஏன் இவ்வாறு அமைகின்றது?’ என்னும் வினாவை மாணவரிடம் எழுப்புவாராக. போட்டிக்குரிய சில நிமிடங்கள் கழிந்தபின் பரிசுக் கிண்ணம் அலுமாரியில் ஏறிவிடும்; அவ்வினாவைக் கேட்கும் பழக்கமோ மாணவனோடு ஆயுள்முழுதும் நிற்கும்.