ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு: சென்னை ஐஐடியின் அண்மைக்கால ஆய்வுகள்

மத்திய கல்வி அமைச்சகம் உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசைப் பட்டியலை வெளியிடும் நாளில் சென்னை ஐஐடியின் பெயர் தவறாமல் தலைப்புச் செய்தியாகிறது. பொறியியல் பிரிவில் 2016 முதலும் ஒட்டுமொத்தப் பிரிவில் 2019 முதலும் அதற்கே முதலிடம். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் தொடங்கப்பட்ட நிறுவனத்துக்கு இது பெருமைதான். ஆனால் தரவரிசை பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளையும் நிதியையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் வைத்தே போடப்படுகிறது. அந்த ஆய்வால் யாருடைய வாழ்க்கை மாறியது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அண்மைக்காலத்தில் அங்கே நடந்த சில முக்கியப் பணிகளை அந்தக் கேள்வியோடு அணுகிப் பார்க்கிறது இக்கட்டுரை.

குடிநீர்

நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஆர்சனிக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அதைக் குடிப்பவர்களுக்குத் தோலில் நிறமாற்றமும் தடிப்பும் வந்து, புற்றுநோயில் முடிவதுண்டு. மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் கிராமம் கிராமமாக இந்தத் துயரம் பரவிக் கிடக்கிறது. வேதியியல் துறைப் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு முதலில் நீரிலுள்ள பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்க வெள்ளி, தங்க நானோ துகள்களைப் பயன்படுத்தியது. அந்த அனுபவத்தைக் கொண்டு பிறகு ஆர்சனிக்கின் பக்கம் திரும்பியது. இரும்பை அடிப்படையாகக் கொண்டு அவர்கள் உருவாக்கிய நுண்துளைப் பொருளின் வழியாக நீரைச் செலுத்தினால் நஞ்சு அதில் ஒட்டிக்கொள்கிறது. 'அம்ரித்' என்ற பெயரில் இந்தத் தொழில்நுட்பம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சென்றடைந்திருக்கிறது. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருதும், 2022-இல் வின்ஃபியூச்சர் பரிசும் கிடைத்தன. இந்த வரிசையில் மிக அதிகமானவர்களைத் தொட்ட பணிகளில் ஒன்று இது.

நடமாட்டம்

நம் ஊரில் சக்கர நாற்காலி என்றால் பெரும்பாலும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் கனத்த இரும்பு நாற்காலிதான். வாழ்நாள் முழுவதும் அதிலேயே இருக்கவேண்டியவருக்கு அது உடம்போடு பொருந்தாது. இன்னொருவர் தள்ளாமல் நகரவும் முடியாது. இயந்திரவியல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவிகள் மையம் இதையே தன் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டது. உட்கார்ந்திருப்பவர் தானே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' நாற்காலி 2019-இல் வந்தது. அதே மையத்தில் பிறந்த நியோமோஷன் நிறுவனம், பயனாளியின் உடல் அளவுக்கு ஏற்பச் செய்யப்படும் 'நியோஃப்ளை' நாற்காலியையும், அதன் முன்பக்கத்தில் பொருத்தினால் அதையே சாலையில் ஓடும் மின்வண்டியாக மாற்றும் 'நியோபோல்ட்' கருவியையும் கொண்டுவந்தது. 2025-இல் வெளியான 'ஒய்டி ஒன்' நாற்காலியின் எடை 9 கிலோதான். காருக்குள்ளோ ஆட்டோவுக்குள்ளோ எளிதாகத் தூக்கி வைத்துவிடலாம். துணைக்கு ஆளில்லாமல் வேலைக்குப் போய்வர முடிவது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அதை இழந்தவர்கள்தான் அறிவார்கள்.

கழிவுத்தொட்டி

மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. தொட்டியின் அடியில் மலம் களிமண்போல இறுகிவிடுகிறது. உறிஞ்சு லாரியால் அதை எடுக்க முடிவதில்லை. அதைக் கிளறிவிடத்தான் ஆளை இறக்குகிறார்கள். உள்ளே தேங்கிய நச்சுவாயு அவரைக் கொல்கிறது.

பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு உருவாக்கிய 'ஹோமோசெப்' இயந்திரம் சரியாக இந்த இடத்தைக் குறிவைக்கிறது. தொட்டியின் வாய் குறுகல், உள்ளே அகலம். எனவே தண்டோடு சேர்ந்த கத்திகள் மடங்கிய நிலையில் உள்ளே இறங்கி, அடிக்குப் போனதும் விரிந்து சுழல்கின்றன. இறுகிய கசடு கூழாகிறது. பிறகு அதை உறிஞ்சி எடுத்துவிடலாம். 2022-இல் தமிழ்நாட்டில் முதல் இயந்திரங்கள் களத்துக்கு வந்தபோது, இந்தத் தொழிலில் கணவரைப் பறிகொடுத்த பெண்களை முன்னிறுத்திய சுயஉதவிக் குழுக்களிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. அறிவியலும் நியாயமும் ஒன்றாகக் கைகோத்த அரிய தருணம் அது.

விண்ணும் மூளையும் மொழியும்

சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினைக் கொண்ட ராக்கெட்டை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ஏவியது. இயக்குநர் காமகோடியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 'சக்தி' நுண்செயலித் திட்டம், 2025-இல் இஸ்ரோவுக்கான 'ஐரிஸ்' சில்லுவரை வந்திருக்கிறது. சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருப்பருவ மூளையை 5,132 வெட்டுத்தோற்றங்களாகப் படமெடுத்து 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. உலகின் எந்த மூலையிலுள்ள ஆய்வாளரும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம்.

தமிழுக்கு நேரடியாகப் பயன்படுவது 'ஏஐ4பாரத்' குழுவின் பணி. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் அவர்கள் 2023-இல் உருவாக்கிய மொழிபெயர்ப்பு மாதிரியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். மாவட்டம் மாவட்டமாகப் போய்ச் சாதாரண மக்களின் இயல்பான பேச்சைப் பதிவுசெய்ததால், கணினிக்கு வட்டார வழக்கும் புரியத் தொடங்கியிருக்கிறது.

நுழைவாயில்

ஐஐடியின் கதவு நீண்டகாலம் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டக்கூடியவர்களுக்கே பெரும்பாலும் திறந்தது. 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு அந்தத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தை முதலில் படிக்கவேண்டும். அதில் தேர்ச்சி பெற்றால் சேர்க்கை. ஏழை மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இடையில் நிறுத்தவேண்டி வந்தாலும் அதுவரை முடித்த கட்டத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும். வேலைபார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு.

மதிப்பீடு

தொகுத்துப் பார்த்தால் இரண்டு உண்மைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, பயன் தந்த ஆய்வு எதுவும் ஓரிரு ஆண்டில் முடிந்ததில்லை. பிரதீப்பின் நீராய்வு இரண்டு பத்தாண்டு உழைப்பு. நிதியும் பொறுமையும் தொடர்ந்து கிடைத்ததால்தான் அது நடந்தது. இரண்டு, கண்டுபிடிப்பின் வேகத்துக்கு அரசு ஈடுகொடுக்கவில்லை. கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கும்போதே இன்னும் மனிதரை உள்ளே இறக்குகிறோம் என்றால், அந்தத் தோல்வி ஆய்வகத்தினுடையது அன்று.

ஆனால் ஐஐடிக்கு வெளியே பார்த்தால், தமிழக மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் கீழுள்ள கல்லூரிகளிலும்தான். சென்னைப் பல்கலைக்கழகமோ 2023 ஆகஸ்டுக்குப் பிறகு துணைவேந்தர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. கிண்டியில் கிடைத்த நிதியும் தன்னாட்சியும் சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் நாகமலைப் புதுக்கோட்டையிலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் கிடைத்தால் அங்கும் இப்படிப்பட்ட பணிகள் நடக்கும். தமிழக அரசு முதலில் இரண்டு காரியங்களைச் செய்யவேண்டும்: மாநிலப் பல்கலைக்கழகங்களின் காலிப் பணியிடங்களை நிரப்பவேண்டும், கழிவகற்றும் இயந்திரத்தை ஒவ்வொரு நகராட்சிக்கும் வாங்கித் தரவேண்டும்.