கம்பெனிக்காக வீட்டில் ஓர் எக்செல்

புதுக் கணினிக்கு எந்த ஆபிஸ் மென்பொருள் என்ற கேள்வியில் இப்போது இரண்டு கட்சி. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஆவணம், கணக்குத்தாள், பிரசன்டேஷன் எல்லாவற்றுக்கும் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். அதோடு வேகம் பிடித்த சுதேசிக் கட்சி ஒன்று. மற்றது ஒரே பேச்சில் முடித்துவிடும்: "கம்பெனியில எல்லாம் எக்செல்தான். வீட்டுலயும் அதையே போட்ருங்க." ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜெயிப்பது இரண்டாவதுதான். என் வழக்கும் அதனோடுதான்.

நியாயம் இல்லாமல் இல்லை. சிப்காட் ஆலைகளில் உற்பத்திக் கணக்கும் ஷிப்ட் பட்டியலும் ரிஜெக்‌ஷன் அறிக்கையும் எக்செல்லில் ஓடுகின்றன. டிப்ளமோ முடித்த பையன் லைனிலிருந்து குவாலிட்டிக்கோ ஸ்டோருக்கோ நகர விலுக்கப்பும் பிவட் டேபிளும் கைவர வேண்டும். மாற்று மென்பொருள் கொடுத்த கதையும் தெரிந்ததுதான். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு மாற்று இயங்குதளமாக பாஸ் லினக்ஸும் வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாங்கும்போதே உரிமத்தோடு ஆபிஸ் சேர்ந்து வந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வராத வீட்டில்தான் சிக்கல். சேஃப்டி ஷூ கம்பெனி தருகிறது. யூனிஃபார்ம், பஸ், கேன்டீன் சாப்பாடு எல்லாம் கம்பெனி கணக்கு. அதே கம்பெனிக்கு வேண்டிய எக்செல்லைப் பழகுவது மட்டும் வீட்டுக் கணக்கு. கணினிகளே தயாராகிற ஊர் இது. டெல் ஆலை 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. இங்கேயும் பழகுகிறவர் சொந்தக் காசைப் போட்டுத்தான் பழக வேண்டியிருக்கிறது.

காசு போதாதபோது கடைக்காரர் வழி சொல்கிறார்: "ஆக்டிவேட் பண்ணித் தர்றேன், விடுங்க." அவர் கை முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். விண்டோஸ் டிஃபெண்டரை அணைக்கிறார். அணைக்காவிட்டால், உரிமமில்லாத ஆபிஸைத் திறந்துவிடும் ஆக்டிவேட்டரை அது பிடித்துவிடும். அடுத்து, யார் எழுதியதென்றே தெரியாத அந்த நிரலுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி. அதன் கோப்புறையை இனி சோதிக்காதே என்று டிஃபெண்டருக்கு உத்தரவு. மறுநாள் அதே கணினியில் பிஎஃப் கணக்கின் கடவுச்சொல்லை அடிக்கிறோம், நெட் பேங்கிங் திறக்கிறோம். ஒரு வேலைக்கான தகுதியைத் தேடிப்போய் வீட்டுப் பணத்தின் காவலைக் கழற்றி வைத்திருக்கிறோம்.

இவ்வளவும் எதற்காக? விலுக்கப்பும் பிவட் டேபிளும் காசில்லாத லிபர்ஆபிஸ் கால்க்கில் வெகுகாலமாக உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில் எக்ஸ்லுக்கப்பும் சேர்ந்துவிட்டது. கம்பெனியின் விபிஏ மேக்ரோக்கள் அதில் தடுமாறும், உண்மைதான். புதிதாகப் பழகுகிறவருக்கு மேக்ரோ அவசரமில்லை. எக்செல் முகமே வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி பிரவுசரில் இலவசமாகவே பயன்படுத்தலாம்.

கற்க வேண்டிய திறமை மெனுவில் இல்லை. ஸ்டோர் பட்டியலில் பார்ட் நம்பர் கண்ணெதிரே இருக்கும். விலுக்கப்போ அந்த எண் இல்லை என்று பிழை காட்டும். எண்ணின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும், அல்லது ஒரு பட்டியலில் அது எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் பதிவாகியிருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் திறமை. எந்த மென்பொருளில் கற்றாலும் அது கையோடு வரும். மெனு எங்கே இருக்கிறது என்பதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அந்த ஒரு வாரத்தைக் கம்பெனிக்கு மிச்சப்படுத்தத்தான் வீடு செலவழிக்கிறது. இதற்கு முன்னேற்றம் என்று பெயர் வேறு.

எக்செல் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் கம்பெனி தன் கணினியில், தன் லைசென்ஸில், ஷிப்ட் நேரத்தில் சொல்லிக்கொடுக்கட்டும். வீட்டுக்கு லிபர்ஆபிஸ் போதும். கடைக்காரர் டிஃபெண்டரை அணைக்கப் போனால், வேண்டாமென்று சொல்லிக் கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.