தூக்கத் தெரியும், நகரத் தெரியாது

இரண்டு டன் மடக்கு எஞ்சின் கிரேன் ஒன்று சில மாதங்களாக என் வீட்டு போர்ட்டிகோவில் குடியிருக்கிறது. ஆறு சக்கரம், எட்டு டன் ஜாக்கி, நீட்டிச் சுருக்கும் பூம், மடக்கினால் சுவரோரம் ஒதுங்கும் வசதி என்று இந்த ரகத்தின் பெருமைகளைக் கடைக்காரரே மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார். அது எஞ்சினைத் தூக்குகிறதா என்றால், பிரமாதமாகத் தூக்குகிறது. தூக்கியதை எடுத்துக்கொண்டு நான்கு அடி நகரச் சொன்னால்தான் திருதிருவென்று விழிக்கிறது.

வாங்கியது என் அம்பாசிடருக்காக. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பி.எம்.சி. கொடுத்த பி-சீரிஸ் குடும்பம். பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. கியர்பாக்ஸ் இல்லாமலே ஒன்றரை குவிண்டாலைத் தொடும். 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோனாலும், வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான கார் கிடையாது என்பது என் கட்சி. பானெட்டைக் கழற்றி ரேடியேட்டரை வெளியே எடுத்துவிட்டால் கை, முழங்கை, தோள் எல்லாம் தாராளமாக உள்ளே போகும். இன்றைய முன்சக்கர டிரைவ் கார்களில் அந்தக் கதை நடக்காது. பல வண்டிகளில் எஞ்சினைக் கீழ்வழியாகத்தான் இறக்கியாக வேண்டும். அங்கே இந்தக் கிரேனுக்குப் பாதி வேலைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பம்ப் அருமை. ஒற்றைக் கையால் அடித்தால் போதும், எஞ்சின் நூல் நூலாக எழுகிறது. எழ எழ, பாரம் குறைந்த காரின் மூக்கும் ஸ்பிரிங்கோடு கூடவே எழும். அதனால் ஒரு கட்டம் வரை எஞ்சின் இடத்தைவிட்டு அசையாத மாதிரியே தோன்றும். அப்போது அவசரப்பட்டுப் பம்பை வேகமாக அடிக்கக்கூடாது. எங்கோ ஒரு எர்த் ஒயரோ, கழற்றாமல் விட்ட போல்ட்டோ பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு நான்கைந்து அடிக்கும் நின்று சுற்றிப் பார்க்க இந்தப் பம்ப் இடம் கொடுக்கிறது.

இரண்டு டன் என்ற எண்ணை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். அது பூமை முழுக்கச் சுருக்கி வைத்த நிலைக்கு. கடைசித் துளைவரை நீட்டினால் என் கிரேனில் அரை டன்தான். நெம்புகோல் கணக்கு இது. கொக்கி தள்ளிப்போகப் போக ஜாக்கியின் பாடு கூடும். அம்பாசிடர் எஞ்சினுக்கு அரை டன்னே தாராளம். ஆனால் ஸ்டிக்கரில் பெரிதாக இருப்பது '2 டன்', பூமில் சின்னதாகப் பொறித்திருப்பது '500 கிலோ'.

இனி சக்கரத்துக்கு வருவோம். இந்த விமர்சனமே அதற்காகத்தான்.

இரண்டு டன் தூக்கும் கருவிக்கு உள்ளங்கையில் அடங்குகிற இரும்புச் சக்கரங்கள்! எஞ்சின் தொங்கும்போது பாரத்தில் பெரும்பங்கு முன்கால் நுனியில் உள்ள இரண்டு சக்கரங்கள்மேல் இறங்குகிறது. வழவழப்பான பட்டறைத் தரையில் அவை ஓடலாம். வீட்டுத் தரை அப்படியா? எங்கள் போர்ட்டிகோவில் சிமென்ட் முடிந்து டைல்ஸ் தொடங்கும் இடத்தில் அரை விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. காரில் போகும்போது அப்படியொன்று இருப்பதே தெரியாது. இந்தச் சக்கரம் அதில் இறங்கினால் ஏறாது. ஒரு மிளகளவு ஜல்லி போதும், சட்டென்று நின்றுவிடும். சக்கரம்தான் நிற்கும், சங்கிலியில் தொங்குகிற எஞ்சின் நிற்காது. முன்னால் ஆடும், திரும்பிப் பின்னால் ஆடும். உயரத்தில் தொங்கினால் கிரேனையே சாய்த்துவிடப் பார்க்கும். வீட்டில் எஞ்சின் இறக்குகிறவர்களுக்கு ஆபத்து தூக்கும்போது வருவதைவிடத் தள்ளும்போதுதான் அதிகம் வருகிறது. விற்பனைத் தாளில் தூக்கும் உயரம், எடை, பெயின்ட் ரகம் எல்லாம் இருக்கிறது. சக்கரத்தின் விட்டம் மட்டும் இல்லை. போட்டால் வெட்கக்கேடு என்று நினைத்திருப்பார்கள்.

பட்டறைக்காரர்கள் இந்த வம்பில் மாட்டுவதே இல்லை. மூன்று குழாய்களை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக்கை மாட்டி, எஞ்சினை நேராக மேலே இழுப்பார்கள். பிறகு எஞ்சினைத் தொடமாட்டார்கள். காரைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். கிரேன் வாங்கியவரும் அதையேதான் செய்ய வேண்டும். காருக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, எந்த ஜல்லிமேலும் ஏறும். கிரேன் அசையாமல் நிற்கட்டும். எஞ்சின், முன்பக்கச் சட்டத்தைத் தாண்டும் உயரத்துக்கு வந்ததும் இரண்டு பேர் காரைப் பின்னால் தள்ளுங்கள், ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கில் கை வைத்திருக்கட்டும். போர்ட்டிகோ பெரும்பாலும் கேட்டை நோக்கிச் சரிந்திருக்கும். பின்டயருக்குக் கட்டை போட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

கார் விலகியதும் எஞ்சினை அப்படியே கீழே இறக்குங்கள். கீழே ஒரு பழைய டயரைப் படுக்கப் போட்டுவிட்டால் சம்ப் நடு ஓட்டைக்குள் இறங்கி, பிளாக் ரப்பரில் உட்கார்ந்துகொள்ளும். தகட்டுச் சம்ப்மேல் பாரத்தை உட்காரவைத்தால் அது நசுங்கும். அந்த டயருக்கு அடியில் நல்ல சக்கரம் வைத்த பலகை இருந்தால், தரையை ஒட்டியே எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம். கிரேனோடுதான் தள்ளியாக வேண்டும் என்றால், எஞ்சின் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். பூமைப் பிடித்துத் தள்ளாமல் தூணின் அடியில் கைவைத்துத் தள்ளுங்கள்.

அடுத்த எரிச்சல் ரிலீஸ் வால்வு. கால் சுற்றுத் திருப்பினால் ஒன்றும் நடக்காது; அதற்குமேல் மயிரிழை திருப்பினால் பொத்தென்று இறங்கும். வேகமாக இறங்கிச் சட்டென்று நிறுத்தினால் சங்கிலி தாங்குவது எஞ்சினின் எடையை மட்டுமல்ல, அந்த அதிர்ச்சியையும் சேர்த்து. செயின் பிளாக்கில் சங்கிலியை ஒரு கண்ணி இழுத்தால் ஒரு துளிதான் இறங்கும், விட்டால் அங்கேயே நிற்கும். எஞ்சினைத் திரும்ப உள்ளே வைத்து, மவுண்டிங் துளையோடு போல்ட்டைப் பொருத்தும் நேரத்தில் இந்த வித்தியாசம் உயிர்போகிற வித்தியாசம். ஆயில் சீலை நம்பி எஞ்சினுக்கு அடியில் கை விடாதீர்கள், இரவெல்லாம் தொங்கவும் விடாதீர்கள். ஆயில் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில்தான். பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் ஊறிக் கெட்டுவிடும்.

கூடவே தரும் சங்கிலியும் குட்டை. இரண்டு பக்கமும் மாட்டினால் கூடாரம் மாதிரி நிற்காமல் படுத்துக்கொள்கிறது. சங்கிலி தரையோடு 30 டிகிரி கோணத்துக்குப் படுத்துவிட்டால், இரண்டு காலில் ஒவ்வொன்றும் எஞ்சினின் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும். 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் பங்குகூட வராது. நீளமான, எடை முத்திரை பதித்த சங்கிலி தனியாக வாங்கிக்கொள்வதே நல்லது. கியர்பாக்ஸோடு சேர்த்துச் சாய்த்து எடுப்பதாக இருந்தால் லெவலரும் தேவை.

நான் முன்சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிய பாலியூரித்தேன் சக்கரம் போட்டுக்கொண்டேன். கிரேனுக்குப் புத்தி வந்த மாதிரி இருக்கிறது. டைல்ஸ் இடைவெளியை இப்போது கவனிப்பதே இல்லை. ஆனால் கால்கள் உயர்ந்துவிட்டதால் தாழ்ந்த கார்களுக்கு அடியில் இனி நுழையாது. அம்பாசிடருக்கு அந்தக் கவலை இல்லை.

வாங்கலாமா? ஒரே ஒரு எஞ்சின் வேலைக்கென்றால் வேண்டாம். வாடகைக்கு செயின் பிளாக்கும் ஒரு பழகிய கையும் போதும். பழைய வண்டிப் பைத்தியம் பிடித்து, அடிக்கடி இறக்கி ஏற்றுகிறவர் என்றால் வாங்குங்கள், சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொண்டு. கடையில் பம்பை அடித்துப் பார்க்காதீர்கள். அது நன்றாகத்தான் இருக்கும். வாசலில் கிடக்கும் ஒரு ஜல்லியை எடுத்துவந்து முன்சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளச் சொல்லுங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம்.