கேரம் மேசை: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

வேலூரில் மரவேலை செய்யும் ஒருவர் ஆர்டர் கொடுத்தால் கேரம் மேசை செய்து தருகிறார். தேக்குக் கால்கள், நடுவில் பதித்த 12 மி.மீ. பலகை, சுற்றிலும் தோல் போர்த்திய அகலமான விளிம்பு, காய்கள் வைக்க இழுப்பறை. மேலே மூடியைப் போட்டால் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். விலை நாற்பதாயிரத்தைத் தாண்டும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் புது வீடு கட்டியவர்கள் சிலர் இதை விசாரிக்கிறார்கள். வாங்கலாமா என்று பார்க்க, ஆம்பூர் இளைஞர் மன்றம் ஒன்றில் ஆடும் பையன்களோடு உட்கார்ந்து அதில் ஆடினேன். ஒப்பிட இன்னும் இரண்டு ஏற்பாடுகள்: மடக்கு இரும்பு ஸ்டாண்டின் மேல் 20 மி.மீ. போட்டிப் பலகை, பிளாஸ்டிக் டிரம்மின் மேல் 8 மி.மீ. பலகை. காய், ஸ்ட்ரைக்கர், பவுடர் மூன்றுக்கும் ஒன்றே.

முதலில் பலகை. சர்வதேச கேரம் சம்மேளன விதிப்படி ஆடுதளம் 73.5 முதல் 74 செ.மீ. சதுரம், பிளைவுட் குறைந்தது 8 மி.மீ. தடிமன். வழவழப்புக்கும் ஒரு சோதனை உண்டு: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் எதிர்ச்சட்டத்துக்கும் இந்தப் பக்கத்துக்குமாகக் குறைந்தது மூன்றரை ஓட்டம் ஓட வேண்டும். 20 மி.மீ. பலகை சுலபமாகத் தாண்டியது. தேக்கு மேசையும் தாண்டியது. 8 மி.மீ. பலகை மூன்றைத் தொட்டு நின்றுவிட்டது.

தடிமன் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. நீளமான இரும்பு ஸ்கேலைப் பலகையின் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்தேன். மெல்லிய பலகையின் நடுவில் வெளிச்சம் கசிந்தது, பலகை தொய்ந்திருக்கிறது. மெதுவாக வெட்டி விட்ட காய் பாக்கெட்டை நெருங்கும் நேரத்தில் நடுப்பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம். அடிக்கட்டை நன்றாகப் போட்ட 8 மி.மீ. பலகையில் இந்தத் தொய்வு இருக்காது. அதனால் கடையில் தடிமனைக் கேட்பதற்கு முன் பலகையைக் கவிழ்த்து அடிக்கட்டைகளைப் பாருங்கள். நான்கு மூலையிலும் சட்டம் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ரீபவுண்ட் ஆட்டம் முழுக்க அந்தச் சட்டத்தை நம்பித்தான் இருக்கிறது.

தேக்கு மேசையின் குறை ஆடி முடித்து முதுகு வலித்த பிறகுதான் புரிந்தது. பலகையின் சட்டம் விதிப்படி அதிகபட்சம் 7.6 செ.மீ. அகலம். அதற்கு வெளியே இந்த மேசையில் ஒரு சாண் அகலத்துக்குத் தோல் விளிம்பு. பேஸ் லைனுக்குக் கை எட்ட அந்த ஒரு சாணும் கூடுதலாகக் குனிய வேண்டும். உயரமான ஆளுக்கு அது சிரமம். பத்து வயதுப் பிள்ளைக்கு முடியவே முடியாது. உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல், ஆட்டம் தொடங்கியபின் அதை நகர்த்தாமல் ஆட வேண்டும் என்பதும் விதி. அதற்கு ஏற்றபடிதான் ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 செ.மீ., நாற்காலியின் உயரம் 40 முதல் 50 செ.மீ. என்று வகுத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசை வழக்கமாக 75 செ.மீ. இருக்கும். இரண்டு வேலைக்கும் சேர்த்துச் செய்த இந்த மேசை சாப்பாட்டு உயரத்திலேயே நின்றுவிட்டது. தோள் தூக்கி அடிக்க வேண்டியிருந்ததால் கட் ஷாட்கள் எல்லாருக்கும் தப்பின. தம்ப் ஷாட் ஆடும் பையன் ஒருவன் பாதியில் எழுந்து, “அண்ணே, அந்த இரும்பு ஸ்டாண்டுக்கே போயிடலாம்” என்றான்.

விளிம்புத் தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் சொல்லப்படுகிறது. தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் மன்றத்துக்கு வருவார். உள்ளங்கையை ஒருமுறை ஓட்டிவிட்டு, “இது மேல்தோல் இல்லப்பா, ஸ்பிளிட்டுக்கு மேல பி.யூ. பூசினது” என்றார். மாட்டுத்தோலைக் குறுக்கே பிளந்து மேலடுக்கை எடுத்துவிட்ட பின் மிஞ்சும் அடித்தோல்தான் ஸ்பிளிட். அதுவும் தோல்தான், பயன்படாதது என்று சொல்லவில்லை. ஆனால் மேல்தோல் விலைக்கு அதை வாங்கக் கூடாது. அதிலும் ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோலிலேயே பிழைக்கும் ஊர்களில் இருந்துகொண்டு வாங்கக் கூடாது. மேல்தோலே போட்டாலும் கேரமுக்கு அது ஒத்துவராது. போரிக் பவுடர் தையலிலும் மடிப்பிலும் போய் அடைந்துவிடுகிறது. துடைத்து எடுப்பது பெரிய வேலை. சீட்டு, தாயம், உருட்டிவிடும் பகடை ஆகியவற்றுக்குத் தோல் போட்ட மேசை அருமையாக இருக்கும்: சத்தம் அடங்கும், சீட்டை நகத்தால் தூக்கலாம்.

அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஆட்டங்களுக்காகவே குழிந்த தளத்தோடு மேசை செய்து விற்கிறார்கள். கீக் சிக் என்ற பெயர்பெற்ற கம்பெனி 2017இல் மூடப்பட்டது. 2020இல் விர்ம்வுட் என்ற கம்பெனி இணையத்தில் முன்பணம் திரட்டியபோது 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பல நாள் தொடரும் ஆட்டத்தைக் கலைக்காமல் மூடி வைக்க அந்தக் குழிவு உதவுகிறது. அரை மணி நேரத்தில் ஒரு போர்டு முடிந்துவிடும் கேரமில் பாதுகாத்து வைக்க எதுவும் இல்லை.

இந்தப் பக்கத்து வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதம் வேலூரில் 40 டிகிரி சாதாரணம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறிவிடும். பிளைவுட் இரண்டையும் தாங்க, ஆடாத நேரத்தில் உறை போட்டு, சுவரில் சாய்க்காமல் தட்டையாகவோ நேராக நிமிர்த்தியோ வைக்க வேண்டும். மேசைக்குள் பதித்த பலகையைக் கழற்ற முடியாது. மழைக்காலத்தில் ஒரு மூலை உப்பினால் மொத்த மேசையும் வீண். தனிப் பலகை என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எனவே என் கணக்கு இது. வீட்டுக்கு, அடிக்கட்டை சரியாக உள்ள 12 மி.மீ. பலகை போதும். மன்றத்துக்கு, தினமும் இரவு வரை அடி வாங்கும் பலகைக்கு, 20 மி.மீ. வாங்கினால் அந்தக் கூடுதல் பணம் நியாயம். ஸ்டாண்டைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் 66 செ.மீ. உயரத்துக்குச் செய்யச் சொல்லுங்கள். நான்கு காலிலும் உயரம் திருகும் போல்ட் வேண்டும். ரசமட்டம் வைத்து ஒருமுறை சரிசெய்தால் போதும். எங்கள் இரும்பு ஸ்டாண்டில் அப்படிச் செய்ததும் காய் ஒருபக்கமாக ஓடுவது நின்றது. கால்களுக்கு அடியில் ஷூ சோல் ரப்பர் துண்டு. ஆம்பூரில் அது கிடைக்காத தெரு இல்லை. மீதிப் பணத்தில் நல்ல ஸ்ட்ரைக்கரும், பலகைக்கு நேர் மேலே நிழல் விழாமல் ஒரு விளக்கும் வாங்கலாம்.

1996இல் அர்ஜுனா விருது பெற்ற கேரம் வீரர் மரிய இருதயமும், 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னைக்காரர்கள். காசிமாவின் தந்தை ஆட்டோ ஓட்டுபவர். பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் அவரைப் போன்ற இளம்பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் மாலையில் வந்து ஆட ஓர் அறையும், சமமாக நிற்கும் இரண்டு பலகையும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு தேக்கு மேசையின் விலையில் இரண்டு பலகை, இரண்டு ஸ்டாண்ட், எட்டு ஸ்டூல் வாங்கி மிச்சமும் இருக்கும்.

அப்படியும் வீட்டுக்கு மர மேசைதான் வேண்டும் என்பவர்கள் தச்சரிடம் மூன்று கேட்க வேண்டும். பலகை தனியே கழன்று வர வேண்டும். வெளி விளிம்பு கூடாது. உயரம் 70 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மூன்றுக்கும் அவர் சம்மதித்தால் முன்பணம் கொடுங்கள்.