அழுதால்தான் விருது

இயக்குநர் சித்திக் 1999-இல் மலையாளத்தில் ‘ஃப்ரண்ட்ஸ்’ எடுத்தார். 2001 பொங்கலுக்கு அதே கதை, அதே பெயரில் தமிழில் வந்தது. பழைய அரண்மனை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆட்களோடு வந்து இறங்கும் காண்ட்ராக்டரின் தலையில் கை தவறிய சுத்தியல் ஒன்று விழுகிறது. மலையாளத்தில் அந்தத் தலை ஜகதி ஸ்ரீகுமாருடையது, தமிழில் வடிவேலுவுடையது. இயக்குநர் ஒருவர், காட்சி ஒன்று, அடியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் இரண்டு சிரிப்பும் ஒன்றல்ல.

சூரியநெல்லியில் இந்த இரண்டையும் பார்க்காதவர்கள் குறைவு. உடும்பஞ்சோலை தாலுகாவில், சின்னக்கானல் பக்கம், தேயிலைக்கும் ஏலத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். போடிமெட்டு வழியாக மலை இறங்கினால் தமிழ்நாடு. எஸ்டேட் லயங்களில் வீட்டுப் பேச்சு தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். டிவியிலும் அப்படித்தான், மத்தியானம் ஏஷியாநெட், ராத்திரி ஆதித்யா. இரண்டு மொழி நகைச்சுவையையும் சப்டைட்டில் இல்லாமல் ரசிக்கிற கூட்டம் இது. இங்கிருந்து பார்க்கும்போது, சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ எழுதுகிற விமரிசகர்கள் தவறவிடுகிற சில விஷயங்கள் தெரிகின்றன.

முதலில் அந்தச் சுத்தியலைப் பார்ப்போம். அடி விழுந்தபின் ஜகதி செய்வது குறைவு. வலியைவிட, வேலையாட்கள் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்ற அவமானம்தான் அவர் முகத்தில் முதலில் தெரியும். வாய் எதையோ சொல்லப் போய் நின்றுவிடும். முதலாளி என்கிற கெத்து நொறுங்கும் அந்த நொடியில்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. வடிவேலுவிடம் கெத்து நொறுங்குவதற்கு நேரமே இல்லை. உச்சந்தலையில் தொடங்கும் வலி கழுத்து, தோள், முழங்கால் என்று இறங்குகிறது. ஊளைக்கும் ஒப்பாரிக்கும் நடுவிலான ஒரு சத்தம் கிளம்புகிறது. இது மேடைக் கூத்து வழியில் வந்த உடம்பு. ஜகதியுடையது நாடகமும் வசனமும் பழக்கிய முகம். எது உயர்ந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இப்படி வைத்துப் பார்த்து ஒரு பத்தியாவது எழுதியவர்கள் இரண்டு மொழியிலும் அரிது என்பதுதான் என் குறை.

‘ஃப்ரண்ட்ஸ்’ ஒன்று மட்டுமல்ல, இந்தப் போக்குவரத்து நீண்டது. 1993-இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் இன்னசென்ட் ஏற்ற உண்ணித்தான் வேடம், கன்னடம் வழியாகச் சுற்றி வந்து 2005-இல் ‘சந்திரமுகி’யில் வடிவேலுவின் முருகேசன் ஆனது. பயத்தை வெளியே காட்டினால் மரியாதை போய்விடும் என்று சமாளிக்கிற பெரிய மனிதர் உண்ணித்தான். முருகேசனுக்குப் பயத்தை மறைக்கவே தெரியாது. ‘பாடிகார்ட்’ தமிழில் ‘காவலன்’ ஆனபோதும் வடிவேலு இருந்தார். எத்தனையோ ரீமேக் விமரிசனங்களில் கதாநாயகனையும் நாயகியையும் மூலத்தோடு ஒப்பிடுவார்கள். நகைச்சுவைக்கு வந்ததும் ‘காமெடி எடுபடுகிறது’ அல்லது ‘எடுபடவில்லை’ என்று ஒரே வரி. சமையல் குறிப்பில் ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதுவதைப் போல.

இதற்குக் காரணம் விமரிசகரின் சோம்பல் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்ப் படத்தின் அமைப்பே அப்படி. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலேயே நகைச்சுவைப் பகுதி தனி ‘டிராக்’ ஆகிவிட்டது. கலைவாணர் தன் பகுதியைத் தானே அமைத்துக்கொள்வார். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியைத் தெரியாத தமிழர் இல்லை. அதை எழுதியவர் ஏ. வீரப்பன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கழற்றி மாட்டக்கூடிய பகுதி என்பதால்தான் ஆதித்யாவும் சிரிப்பொலியும் 24 மணி நேரமும் ஓட முடிகிறது. ஆனால் கழற்றி மாட்டக்கூடியதை விமரிசகர் படத்தின் பகுதியாகவே எண்ணுவதில்லை. கவுண்டமணியும் செந்திலும் பத்தாண்டுக்கு மேல் தமிழ்ப் படங்களின் வசூலைத் தாங்கியவர்கள். நாயகர்களைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்காவது அவர்களைப் பற்றி எழுதப்பட்டிருந்தால் நன்றாக இருக்கும்.

மலையாளத்தில் நடந்தது வேறு. 1980-களில் ஸ்ரீனிவாசன் எழுதிய படங்களிலும், பிறகு சித்திக்–லால் படங்களிலும் நகைச்சுவை கதைக்கு உள்ளேயே இருந்தது. அவற்றில் வரும் மாமுக்கோயாவை வெட்டி எடுத்தால் காட்சியே நிற்காது. கொச்சி கலாபவனின் மிமிக்ரி மேடையிலிருந்து ஒரு தலைமுறையே திரைக்கு வந்தது. ஒரு மணி நேரத்தில் இருபது குரல் பேசிப் பழகியவர்களை வேறு வேடத்துக்கு அழைக்க இயக்குநர்கள் தயங்கவில்லை. பலன் கண்முன்னே இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருதை ‘ஆடுகளம்’ தனுஷோடு பகிர்ந்துகொண்டவர், ‘ஆதாமின்டெ மகன் அபு’ படத்தின் சலீம் குமார். 2013-க்கு ‘பேரறியாதவர்’ படத்துக்காக சுராஜ் வெஞ்ஞாறமூடு. 2017-க்கு ‘ஆளொருக்கம்’ படத்துக்காக இந்திரன்ஸ் மாநில விருது பெற்றார். சினிமாவுக்குத் தையல்காரராக வந்து, ஒல்லி உடம்பையே கேலிப்பொருளாக்கிப் பல ஆண்டுகள் பிழைத்தவர் அவர்.

தமிழில் நகைச்சுவை நடிகர்கள் வாங்கிய தேசிய நடிப்பு விருதுகளை நினைத்துப் பாருங்கள். மனோரமாவுக்கு ‘புதிய பாதை’, நாகேஷுக்கு ‘நம்மவர்’, தம்பி ராமையாவுக்கு ‘மைனா’. மூன்றும் துணை வேடங்களுக்கானவை. (‘மைனா’ படமான குரங்கணி எங்கள் மலைக்கு நேர் கீழே இருக்கிறது. தம்பி ராமையா விருது வாங்கிய அதே ஆண்டுதான் சலீம் குமாரும் வாங்கினார். இந்தப் பக்கத்து டீக்கடைகளுக்கு இரட்டைத் தீபாவளி.)

அப்படியானால் மலையாள விமரிசகர்கள் சிரிப்பைப் புரிந்துகொண்டவர்களா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். ‘அபு’ அருமையான படம். ஹஜ் போக ஆசைப்படும் அத்தர் வியாபாரி தன் பலாமரத்தை விற்கிறார். வெட்டிப் பார்த்தால் உள்ளே பொந்து. மர வியாபாரி பரவாயில்லை என்று பேசிய பணத்தைக் கொடுக்க வருகிறார், அபு வாங்க மறுக்கிறார். மர வியாபாரி கலாபவன் மணி, அபு சலீம் குமார். ஊரையே சிரிக்க வைத்த இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒரு சிரிப்புக்கும் இடம் தராமல் பேசுகிறார்கள். மாமுக்கோயாவும் சுராஜும்கூட அந்தப் படத்தில் உண்டு. நாற்பதைக் கடந்த நடிகர் எழுபதைக் கடந்த கிழவராக, தோளைச் சற்றே இறக்கி, குரலைத் தாழ்த்தி நடந்த நடைக்கு விருது தகும். ஆனால் ‘மீசமாதவன்’ படத்தின் வக்கீல் முகுந்தனுண்ணியும், ‘புலிவால் கல்யாணம்’ படத்தின் மணவாளனும் அதே நடிகரின் உடம்பிலிருந்து வந்தவர்கள்தாம். அவை இல்லாமல் இது வந்திருக்காது என்று எழுதாமல், ‘காமெடியனுக்குள் இப்படியொரு நடிகனா’ என்று வியந்தவர்களே அதிகம். அதற்கு முன் அவர் செய்துகொண்டிருந்தது நடிப்பில்லாமல் வேறென்ன?

சுராஜ் விஷயத்தில் இது நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. 2013-ஆம் ஆண்டுக்கு தேசியக் குழு அவரைச் சிறந்த நடிகர் என்றது. அதே ஆண்டுக்குக் கேரள அரசு அவருக்குச் சிறந்த நகைச்சுவை நடிகர் விருது கொடுத்தது. பிறகு கேரளம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. நகைச்சுவையும் நடிப்புதானே, தனிப் பந்தி எதற்கு என்ற வாதம் நியாயமானது. ஆனால் தனிப் பந்தி போனபின் பொதுப் பந்தியில் சிரிப்புக்கு இலை விழவில்லை. இந்திரன்ஸ், சலீம் குமார், சுராஜ் மூவரையும் உச்சிக்குக் கொண்டுபோனவை சிரிக்காத வேடங்கள்தாம்.

இந்த விஷயத்தில் தமிழும் மலையாளமும் உடன்பிறப்புகள். 1994-இல் நாகேஷ் நடித்த இரண்டு படங்களைப் பாருங்கள். ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக வருகிறார். கண் அசையக்கூடாது, வாய் அசையக்கூடாது, பிறர் தூக்குவார்கள், சாய்ப்பார்கள், விடுவார்கள். தன் உடம்பின் எடை எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தியேட்டரையே அதிரவைத்தார். தமிழ் சினிமாவில் அதைவிட நுட்பமான உடல் நடிப்பு சொல்லுங்கள் பார்க்கலாம். ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன். விருது தகப்பனுக்குப் போனது. பிணத்தை யாரும் பரிசீலித்ததாகத் தெரியவில்லை.

‘நம்மவர்’ இயக்குநர் பாலக்காட்டில் பிறந்த கே.எஸ். சேதுமாதவன். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் வடிவேலுவை அழவைத்த ‘தேவர் மகன்’ படத்தை இயக்கியவர் பரதன், அவரும் மலையாளி. கோயில் பூட்டை உடைத்ததற்குப் பழியாகக் கையை இழந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் இசக்கி, இனிச் சாப்பிடுவதற்கும் கழுவுவதற்கும் ஒரே கைதான் என்று சொல்கிறானே, அந்த வரியில் சிரிப்பு எங்கே முடிகிறது, துக்கம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. 2023-இல் ‘மாமன்னன்’ வந்தபோது, வடிவேலுவுக்குள் இருந்த நடிகரை முதன்முறையாகக் கண்டுபிடித்ததுபோலப் பலர் எழுதினார்கள். இயக்குநர் மாரி செல்வராஜோ, அந்த இசக்கிதான் என் மாமன்னன் என்று பட விழா மேடையிலேயே சொல்லியிருந்தார். இயக்குநருக்குத் தெரிந்தது விமரிசகர்களுக்கு 31 ஆண்டு பிந்தித்தான் தெரிந்தது.

பாமர ரசிகன் இவர்களைவிடத் தேவலை. 2011 தேர்தல் பிரசாரத்துக்குப் பின் வடிவேலு திரையில் அபூர்வமாகிவிட்டார். மீம் போடுகிற பிள்ளைகள் அவரை விடவில்லை. 2019 மே கடைசியில், மோடி இரண்டாம் முறை பதவியேற்ற வேளையில், நாடு முழுக்க டிரெண்ட் ஆனது ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தின் அந்தக் காண்ட்ராக்டர், நேசமணியின் தலைக்காயம். பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய ஒரு முகச்சுளிப்பை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பதும் ஒருவகை விமரிசனம்தான்.

ரசிகனையும் விமரிசகனையும் சேர்த்து ஒரு விஷயத்தில் கண்டிக்க வேண்டும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வியை இருவருமே நெடுங்காலம் கேட்கவில்லை. 2005-இல் ‘பாண்டிப்படா’ என்றொரு மலையாள வெற்றிப் படம். தமிழ்நாட்டுக் கிராமமும் அரிவாளும் மீசையும்தான் அதன் கேலிச் சரக்கு. ‘பாண்டி’ என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிடப்பட்டு வளர்ந்த எஸ்டேட் பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பில் பாதிதான் செரிக்கும். தமிழ்ப் படங்களின் டீக்கடை நாயரைப் பார்த்து மலையாளிக்கும் அதே அளவுதான் செரித்திருக்கும். இரண்டு பக்கமும் சிரித்துப் பழகிய எல்லைக்காரனுக்கு, தான் எப்போது சிரிக்கிறவன், எப்போது சிரிக்கப்படுகிறவன் என்று படத்துக்குப் படம் மாறும்.

இப்போது ஆட்டம் மாறிக்கொண்டிருக்கிறது. ‘வெண்ணிலா கபடி குழு’வில் பரோட்டா தின்ற சூரி, ‘விடுதலை’யிலும் ‘கொட்டுக்காளி’யிலும் சிரிக்காமல் நின்றார். உடனே பாராட்டு மழை. யோகி பாபு விஷயம் சற்று வேறு. ‘மண்டேலா’வில் ஊர்த் தேர்தலையே தன் ஒற்றை ஓட்டால் தீர்மானிக்கிற முடி திருத்துபவராக வந்தவர், சிரிப்பைக் கைவிடாமலே படத்தைச் சுமந்தார். 2024-இல் ‘குருவாயூரம்பல நடையில்’ படத்தின் வழியே மலையாளத்துக்கும் போனார். எதிர்த்திசையில், ‘ஜெமினி’க்காக (2002) கலாபவன் மணியைத் தமிழுக்கு அழைத்தபோது வில்லனாகத்தான் அழைத்தார்கள். என்றாலும் அவருடைய மிமிக்ரிக்கு இடம் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் நினைவில் நிற்பதும் அதுவே. 2025-இல் ‘வீர தீர சூரன்’ படத்துக்கு சுராஜ் வந்தார். நல்ல நடிப்பு, எல்லோரும் பாராட்டினார்கள். அவரை ஒருமுறையாவது சிரிக்க வைக்க விட்டிருக்கலாமே என்று இந்தப் பக்கம் சிலர் கேட்டார்கள். விமரிசனங்களில் அந்தக் கேள்வி என் கண்ணில் படவில்லை.